மடிப்பில் வெடிக்காமல், மூடினால் பிதுங்காமல் ஒரு வாழ்த்து அட்டை

கேள்வி: ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்காக ஏ4 அட்டையை மடித்து, உள்ளே யானை எழுந்து நிற்கும் பாப்-அப் அட்டை செய்தேன். மடித்த ஓரத்தில் நிறம் வெடித்து வெள்ளை தெரிகிறது. பசை தடவிய இடமெல்லாம் நெளிந்துவிட்டது. மூடினால் யானையின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்து, அலுவலகத்தில் ஓய்வு பெறும் ஒருவருக்கு இருபது பேர் கையெழுத்துப் போட்டு ஓர் அட்டை தர வேண்டும். அதையும் நானே செய்யலாமா, வாங்கிவிடுவது நல்லதா?

பதில்: நீங்கள் சொல்லும் மூன்று கோளாறுக்கும் கைப்பழக்கம் காரணமல்ல. மூன்றில் இரண்டு, கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்பே நடந்துவிட்டவை: தாளின் திசையைப் பார்க்கவில்லை, உள் உருவத்தின் உயரத்தைக் கணக்கிடவில்லை. மூன்றாவது பசையின் வேலை.

முதலில் வெடிப்பு. இயந்திரத்தில் செய்த எந்தத் தாளிலும் நார்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். அந்தத் திசையோடு மடித்தால் மடிப்பு நேராக, வழவழப்பாக விழும். குறுக்கே மடித்தால் நார்கள் முறிந்து ஓரம் பிசிறும். வெள்ளைத் தாளின் மேல் நிறத்தைப் பூசிய அட்டையாக இருந்தால் உள்ளிருக்கும் வெள்ளையும் வெளியே வந்துவிடும். நார்த்திசையைக் கண்டுபிடிப்பது எளிது. தாளை மடிக்காமல், இரண்டு எதிர் ஓரங்களைப் பிடித்து மெதுவாக வளைத்துப் பாருங்கள். பிறகு மற்ற இரண்டு ஓரங்களையும் அப்படியே வளையுங்கள். எந்த வளைவு குறைந்த எதிர்ப்போடு இணங்குகிறதோ, அந்த வளைவின் முதுகு ஓடும் திசைதான் நார்த்திசை. சந்தேகமாக இருந்தால் மிச்சத் துண்டில் 5 செ.மீ. சதுரம் வெட்டி ஒரு பக்கத்தை மட்டும் ஈரத் துணியால் துடையுங்கள். அது குழலாகச் சுருளும். குழலின் நீளவாட்டமே நார்த்திசை.

கடையில் கிடைக்கும் ஏ4 தாள்களில் பெரும்பாலானவற்றில் நார் நீளவாக்கில், அதாவது 297 மி.மீ. பக்கத்தோடு ஓடும். அதை அப்படியே பாதியாக மடித்தால் மடிப்புக்கோடு 210 மி.மீ. பக்கத்துக்கு இணையாக, நாருக்குக் குறுக்கே விழுகிறது. உங்கள் அட்டை வெடித்தது இதனால்தான். அதே ஏ4-ஐ முதலில் இரண்டாக வெட்டி, 210 × 148 மி.மீ. துண்டு ஒவ்வொன்றையும் மடித்தால் மடிப்பு நாரோடு ஒத்துப்போகும். ஒரு தாளில் 105 × 148 மி.மீ. அளவில் இரண்டு அட்டை கிடைக்கும். இந்த அளவுக்கு சி6 என்ற உறை, அதாவது 114 × 162 மி.மீ., சரியாக இருக்கும். பெரிய அட்டைதான் வேண்டுமென்றால், நீளவாக்கில் நார் ஓடும் ஏ3 தாளை இரண்டாக வெட்டி மடியுங்கள். கணக்கு அதேதான்.

வெளி அட்டைக்கு 220 முதல் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) போதும். 200-க்குக் கீழே போனால் நிற்க வைக்கும்போது துவளும், 300-க்கு மேல் போனால் கையால் சுத்தமாக மடிக்க முடியாது. தடித்த அட்டையை எந்தத் திசையிலும் நேரடியாக மடிக்காதீர்கள், முதலில் தடம் போடுங்கள். அடியில் பழைய வார இதழ் ஒன்றை வைத்து, ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை இரண்டு மூன்று முறை லேசாக இழுத்தால் பள்ளம் விழும். ஒரே அழுத்தாக அழுத்தினால் தாள் கிழியும். பலரும் தவறுவது அடுத்த படியில். பள்ளம் விழுந்த பக்கத்தை நோக்கித்தான் மடிக்க வேண்டும் என்று கை தானாகப் போகும், ஆனால் முறை நேர் எதிர். பள்ளம் அட்டையின் வெளிப்பக்கத்திலும், மறுபுறம் எழும்பிய மேடு மடிப்பின் உள்ளேயும் இருக்க வேண்டும். அப்போதுதான் வெளிப்பக்க நார்கள் இழுபட்டு முறியாது. மடித்த பின் மேலே ஒரு வேண்டாத தாளை வைத்து, கரண்டியின் முதுகால் தேயுங்கள். நேரடியாகத் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளக்கும்.

பசைக்கு வருவோம். வெள்ளைப் பசையில் தண்ணீர் அதிகம். அது இறங்கிய இடத்தில் நார் ஊறி விரியும், சுற்றியுள்ள உலர்ந்த இடம் விரியாது. அதுதான் நெளிவு. காய்ந்த பிறகு அது முழுதாகத் திரும்புவதில்லை. எனவே பரப்பு பெரிதாக இருந்தால் இருபக்க டேப் அல்லது க்ளூ ஸ்டிக். பாப்-அப்பின் சிறு பட்டைகளுக்கு மட்டும் வெள்ளைப் பசை, அதுவும் பல்குச்சி முனையால் மெல்லிய கோடாக. ஒட்டியதும் கனமான புத்தகங்களின் கீழ் ஒரு மணி நேரமாவது வையுங்கள். சாதாரண செலோ டேப்பை அட்டைக்குள் எங்கும் பயன்படுத்த வேண்டாம், அது சில ஆண்டுகளில் பழுப்பேறி, பசை கசிந்து பக்கத்தைக் கெடுக்கும்.

இனி யானை. எளிய பாப்-அப்புக்கு உள் தாள் தனி, வெளி அட்டை தனி. சுமார் 160 ஜிஎஸ்எம் உள் தாளை மடித்த நிலையில் வைத்துக்கொண்டு, மடிப்பிலிருந்து உள்நோக்கி 25 மி.மீ. நீளத்துக்கு இரண்டு வெட்டு வெட்டுங்கள். இரண்டுக்கும் இடையே 20 மி.மீ. இருக்கட்டும். வெட்டுகளின் முனைகளை இணைக்கும் கோட்டில் தடம் போட்டு, அந்தப் பட்டையை முன்னும் பின்னும் ஒருமுறை மடித்துப் பழக்கிவிட்டு, தாளைத் திறந்து பட்டையை உள்பக்கமாகத் தள்ளினால் ஒரு படிக்கட்டுபோல எழும். அதன் செங்குத்து முகத்தில்தான் யானையை ஒட்ட வேண்டும்.

யானை எவ்வளவு உயரம் இருக்கலாம்? வெட்டின் நீளத்தையும் உருவத்தின் உயரத்தையும் கூட்டுங்கள். மடிப்பிலிருந்து அட்டையின் எதிர் ஓரம் வரையுள்ள தூரத்தைவிட அந்தக் கூட்டுத்தொகை குறைந்தது 5 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். மூடும்போது உருவம், வெட்டு முடியும் இடத்திலிருந்து தொடங்கி ஓரத்தை நோக்கிப் படுத்துக்கொள்வதே காரணம். 105 மி.மீ. பக்கம், 25 மி.மீ. வெட்டு என்றால் யானை 75 மி.மீ.-க்கு மேல் வளரக் கூடாது. இன்னும் உயரமாக வேண்டும் என்றால் வெட்டைச் சிறிதாக்குங்கள்; ஆனால் 15 மி.மீ.-க்குக் கீழே போனால் உருவம் பின்புறத்தோடு ஒட்டியதுபோலத் தெரியும், எழுந்து நிற்கும் அழகு போய்விடும். அகலத்தைப் பொறுத்தவரை பட்டையைவிடப் பெரிதாக இருந்தாலும் பாதகமில்லை, இரு பக்க ஓரத்தையும் தாண்டாதவரை. பசை செங்குத்து முகத்தில் மட்டும் இருக்கட்டும். மேல் மடிப்பைத் தாண்டி ஒரு துளி வழிந்தாலும் அட்டை மூடாது, மூடினால் கிழியும்.

உள் தாளை வெளி அட்டையோடு சேர்க்கும்போது இரண்டையும் விரித்து வைத்து முழுக்க ஒட்டிவிடுவது வழக்கமான தவறு. மூடும்போது வெளிச் சுற்று நீளம், உள் சுற்று குறைவு என்பதால் உள் தாள் மடிப்பருகே கசங்கும். உள் தாளை எல்லா ஓரத்திலும் 2 மி.மீ. குறைத்து வெட்டி, ஒரு பாதியை மட்டும் முதலில் ஒட்டுங்கள். மறு பாதியில் டேப்பின் மேல்தாளை உரித்துவிட்டு, வெளி அட்டையை அதன் மேல் மூடி அழுத்துங்கள். மடிப்பின் இரு பக்கமும் 3 மி.மீ., பாப்-அப் பட்டையின் பின்புறம், இரண்டிலும் பசை வேண்டாம்.

முகப்பில் விசிறி மடிப்புப் பூ வைக்க ஆசைப்பட்டால் ஒரு எச்சரிக்கை. பட்டையின் அகலமே பூவின் ஆரம். 5 செ.மீ. அகலப் பட்டை முழு வட்டமாக விரிய 31.4 செ.மீ. நீளமாவது வேண்டும், ஆனால் ஏ4-இன் நீளம் 29.7. அதனால்தான் ஒரே தாளில் செய்யும் பூ தட்டையாகப் படுக்காமல் கூம்பாக எழுந்துகொண்டே இருக்கிறது. இரண்டு பட்டைகளை இணைத்துச் செய்யுங்கள், அல்லது அகலத்தை 3.5 செ.மீ. ஆக்குங்கள்.

ஓய்வு பெறுபவருக்கான அட்டையை நான் வாங்கத்தான் சொல்வேன். இருபது பேர் ஒவ்வொருவரும் ஒரு வரியும் கையெழுத்தும் எழுத 6 × 3 செ.மீ. இடம் வேண்டும். மொத்தம் 360 சதுர செ.மீ. சி6 உறைக்கான அட்டையின் இரு உள்பக்கமும் சேர்த்தே சுமார் 310தான். மூடிய நிலையில் ஏ5 அளவுள்ள, அதாவது 148 × 210 மி.மீ. அட்டை வேண்டும். உள்ளே வாசகம் அச்சிடாத, வெறும் பக்கங்கள் உள்ளதாகப் பாருங்கள். நாலு வரிக் கவிதை நடுவில் இருந்தால் இருபது பேரும் அதைச் சுற்றி நெருக்கியடித்து எழுத வேண்டியதுதான். உள்பக்கம் பளபளப்பாக இருக்கக் கூடாது, ஜெல் மை அதில் காயாமல் எதிர்ப்பக்கத்தில் அப்பிக்கொள்ளும். எல்லோரிடமும் அட்டையையே சுற்றுக்கு விடுவதும் சரிப்படாது. ஒருவர் பிழையாக எழுதினால் மொத்தமும் கெடும். 6 × 3 செ.மீ. சீட்டுகளை 120 ஜிஎஸ்எம் தாளில் வெட்டிக் கொடுத்து, எழுதி வந்ததும் பக்கத்துக்கு மேலிருந்து கீழாக இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து என்று இருபக்க டேப்பால் ஒட்டுங்கள். சரியாக இருபதும் அடங்கும், தலைப்புக்கும் இடம் மிஞ்சும்.

இரங்கல் அட்டைக்கு மட்டும் இந்த வித்தைகள் எதுவும் வேண்டாம். பாப்-அப், மினுக்குத்தூள், வெட்டு வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மங்கலான வெள்ளைத் தாளில் நான்கு வரி கையால் எழுதினால் போதும்.

தபாலில் அனுப்புவதாக இருந்தால், செய்த அட்டையை உறைக்குள் போட்டுத் தடிமனை அளந்துவிடுங்கள். எடையோடு தடிமனுக்கும் வரம்பு வைத்துக் கூடுதல் கட்டணம் கேட்கும் அஞ்சல் துறைகள் உண்டு. விசிறிப் பூவும் பொத்தானும் மணியும் ஒட்டிய அட்டையை நேரில் கொடுப்பதே மேல்.