மகனுக்கு மீகா என்று பெயர் வைக்கலாமா?

சகோதரி, 'மீகா' பொருளில்லாத அரைகுறைப் பெயர் என்று உறவினர் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். தயங்காமல் வையுங்கள். 'மீகாயாகு' என்ற எபிரேயப் பெயரின் சுருக்கம் அது. மீ என்றால் யார், கா என்றால் போல, யாகு என்பது 'யாவே' என்ற இறைவனின் திருப்பெயரின் சுருக்கம். யாவேக்கு நிகர் யார்? இதுதான் பொருள். வேதாகமத்தில் மீகா என்றொரு தீர்க்கதரிசி இருக்கிறார்; எரேமியா நூல் 26:18-இன் எபிரேய மூலத்தில் அவரது பெயர் மீகாயா என்றே எழுதப்பட்டிருக்கிறது. அவரது நூலின் கடைசிப் பகுதியைப் படியுங்கள். 7:18-இல் 'தேவரீருக்கு ஒப்பான தேவன் யார்' என்று கேட்கிறார்; தன் பெயரையே மன்றாட்டாக்கிவிட்டார்! எனக்கு மிகவும் பிடித்த வசனம் அது. மிகாவேலும் இதே அமைப்புதான், யாகுவுக்குப் பதில் ஏல், அதாவது இறைவன். இஸ்ரவேல் அரசன் ஆகாப் காலத்துத் தீர்க்கதரிசி மிகாயா மட்டும் வேறு ஆள். நாம் பேசும் மோரேசா ஊர் மீகாவுக்கு நூறாண்டுக்கு மேல் முந்தியவர்.