400 மீட்டர் கப்பலில் மகனுக்கு வேலை: முன்பணம் கட்டுவதற்கு முன்

வணக்கம் ஐயா,

பிளஸ் டூ முடித்த மகன் 'டிரிபிள்-இ மாதிரி பெரிய கன்டெய்னர் கப்பலில்தான் போவேன்' என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், அவன் அம்மாவுக்குத் தூக்கமே இல்லை, நடுவில் ஒரு ஏஜென்ட் 'நூறு சதவீதம் வேலை உறுதி' என்று முன்பணம் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் ஒன்று: அந்த முன்பணத்தைக் கட்ட வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

தம்பியின் ஆசையைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் 2011-இல் தென்கொரியாவின் டேவூ கப்பல் தளத்தில் 20 டிரிபிள்-இ கப்பல்களைக் கட்டக் கொடுத்தது. முதல் கப்பல் 2013-இல் ஓடத் தொடங்கியது. நீளம் சுமார் 400 மீட்டர், அகலம் 59 மீட்டர். இருபதடி கன்டெய்னர் பெட்டிக் கணக்கில் 18,000-க்கும் மேல் ஏற்றலாம். இரண்டு எஞ்சின், இரண்டு புரொப்பல்லர். அதிவேகத்துக்காகக் கட்டியதல்ல, மெதுவாகப் போய் எரிபொருளை மிச்சம் பிடிக்கக் கட்டியது. பெட்டிகளை அவ்வளவு உயரம் அடுக்கினால் பின்னால் இருக்கும் பிரிட்ஜிலிருந்து (கப்பலை ஓட்டும் அறையிலிருந்து) கடல் தெரியாது. கப்பலுக்கு முன்னே கண்ணுக்கு மறையும் கடற்பரப்பு 500 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று சர்வதேச விதி இருக்கிறது. அதனால் பிரிட்ஜை முன்பக்கம் நகர்த்தி, எஞ்சின் அறையையும் புகைபோக்கியையும் பின்பக்கமே விட்டார்கள். இப்படியொரு பொறியியலைப் பார்த்துப் பதினேழு வயதுப் பையன் மயங்குவது நல்ல அறிகுறி என்றே நினைக்கிறேன். இன்றைக்கு அவற்றையும் மிஞ்சிய கப்பல்கள் வந்துவிட்டன. 2025 ஜூனில் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வந்த எம்.எஸ்.சி. இரினா 24,346 பெட்டிகள் கொள்ளும். நம் குமரி மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே அது நின்றிருந்தது.

ஆனால் கப்பல் பெரிதானால் ஆள் தேவையும் பெருகும் என்று நினைத்துவிடக் கூடாது. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிய எவர் கிவன் 20,000 பெட்டிக் கப்பல். அதில் இருந்த மாலுமிகள் 25 பேர், அனைவரும் இந்தியர். ஏறக்குறைய அதில் பாதியளவான, 10,000 பெட்டி ஏற்றும் டாலி கப்பல் 2024 மார்ச்சில் பால்டிமோர் பாலத்தில் மோதியபோது அதில் 21 மாலுமிகள் இருந்தார்கள். கணக்கு புரிகிறதா? இரண்டு கப்பல் சுமக்கும் சரக்கை ஒரே கப்பல் சுமக்கிறது, வேலையோ ஒரு கப்பலுக்கு உரியதுதான். கேடட்டுக்கு, அதாவது பயிற்சிக்காக ஏறும் பையனுக்கு, ஒவ்வொரு கப்பலிலும் ஒன்றிரண்டு இடம் கிடைத்தால் பெரிது. மர்ச்சன்ட் நேவி (வணிகக் கப்பல் பணி) படிப்பில் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். படிப்பு முடிந்துவிடும், சான்றிதழ் கைக்கு வந்துவிடும், ஏறக் கப்பல் இருக்காது. கடல் பயிற்சி முடிக்காமல் அதிகாரித் தேர்வு எழுத முடியாது. படித்துவிட்டு வருடக்கணக்கில் கப்பலுக்குக் காத்திருக்கும் பையன்களின் பெற்றோர் என்னிடம் வந்து உட்காரும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். கல்லூரிக்கு முன்னால் ஸ்பான்சர்ஷிப். கப்பல் நிறுவனங்களே தேர்வும் நேர்காணலும் வைத்து, 'இவனுக்குப் பயிற்சி இடம் நாங்கள் தருகிறோம்' என்று கடிதம் கொடுக்கின்றன. அந்தக் கடிதம் கையில் இருந்தால் ஒரு வருட டி.என்.எஸ். (டிப்ளமோ இன் நாட்டிகல் சயின்ஸ், அதாவது கப்பல் ஓட்டும் படிப்பு) மிக நல்ல வழி. படிப்பு முடிந்ததும் 18 மாதம் டெக் (கப்பலை ஓட்டும் பிரிவு) கேடட்டாகப் பயிற்சி, பிறகு செகண்ட் மேட் என்ற தகுதித் தேர்வு, அப்புறம் மூன்றாம் அதிகாரி. மூன்று வருட பி.எஸ்சி. நாட்டிகல் சயின்ஸ் எடுத்தால் கடல் பயிற்சி 12 மாதம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வை எப்படியும் எழுத வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் சேர்த்து 60 சதவீதமும், ஆங்கிலத்தில் 50 சதவீதமும் பொதுவான தகுதி.

ஸ்பான்சர்ஷிப் கிடைக்கவில்லை, ஆசையும் குறையவில்லை என்றால் நான்கு வருட பி.டெக். மரைன் இன்ஜினியரிங் பக்கம் போகச் சொல்வேன். கடலில் இடம் தாமதமானாலும் மின் நிலையம், கப்பல் கட்டும் தளம் என்று கரையில் நிற்க ஒரு பட்டம் இருக்கும். இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) படித்தவர்களுக்கு இ.டி.ஓ. (எலக்ட்ரோ டெக்னிக்கல் ஆபீசர்) என்றொரு வழியும் உண்டு. கன்டெய்னர் கப்பலில் மீன், பழம், மருந்து ஏற்றிய குளிர்சாதனப் பெட்டிகள் நூற்றுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரிக்கல் அதிகாரிக்கு அங்கே நல்ல மதிப்பு.

எல்லாவற்றுக்கும் முன்னால், மத்திய அரசின் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் அங்கீகாரம் பெற்ற மருத்துவரிடம் கண் பரிசோதனை செய்துவிடுங்கள். நிறக்குருடு இருந்தால் டெக் பக்கம் கதவு மூடியது. செலவு கொஞ்சம்தான், இதைச் செய்யாமல் லட்சங்களைக் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

இனி அவன் அம்மாவின் பயம். 'ஒன்றும் ஆகாது' என்று அவருக்கு நான் பொய் சொல்ல மாட்டேன். இந்தக் கப்பல்களில் என்னைக் கவலைப்படுத்துவது புயலைவிடத் தீ. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஏற்றியவர் மறைத்தால் கப்பலில் இருப்பவருக்குத் தெரியாது. 2018 மார்ச்சில் அரபிக்கடலில் மெர்ஸ்க் ஹோனாம் எரிந்தபோது ஐந்து பேர் இறந்தார்கள். 2025 ஜூனில் கேரளக் கடலுக்கு அப்பால் வான் ஹாய் 503 எரிந்ததில் 18 பேர் மீட்கப்பட்டார்கள், நால்வரைக் காணவில்லை. அதனால்தான் கப்பலேறும் முன் தீயணைப்பு, உயிர்காப்புப் பயிற்சிகள் கட்டாயம். தம்பி அவற்றைச் சான்றிதழுக்காக இல்லாமல் உண்மையாகக் கற்க வேண்டும். கப்பலோடு மாதக்கணக்கில் முடங்கிப்போகும் வேறு விதமான கஷ்டமும் உண்டு: எவர் கிவன் ஆறு நாளில் மிதந்துவிட்டது, ஆனால் இழப்பீட்டுப் பேச்சு முடிந்து அது எகிப்தை விட்டுக் கிளம்ப ஜூலை ஆகிவிட்டது.

துறைமுகத்தில் ஊர் சுற்றலாம் என்று தம்பி கனவு கண்டால் அதையும் சொல்லிவிடுங்கள். கன்டெய்னர் கப்பல் ஒரு நாள், இரண்டு நாளில் கிளம்பிவிடும், அந்த நேரத்திலும் வேலை இருக்கும். சரக்கு வேலையை நிதானமாகக் கற்க பல்க் கேரியர் (நிலக்கரி, தானியம் போன்றவற்றைப் பெட்டியில்லாமல் ஏற்றும் கப்பல்) நல்லது என்பது என் அபிப்பிராயம். எந்தக் கப்பல் என்பதைக் கேடட் தேர்ந்தெடுக்கவும் முடியாது. நிறுவனம்தான் முடிவு செய்யும். பயிற்சிக் காலத்தில் கிடைப்பது சில நூறு டாலர் உதவித்தொகைதான். அதிகாரி ஆன பிறகும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் கப்பலில் இருக்கும் மாதங்களுக்கே சம்பளம். கல்விக் கடன் தவணையைப் பன்னிரண்டு மாத வருமானம் என்று வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

கடைசியாக அந்த ஏஜென்ட். மாலுமியிடம் வேலைக்காகப் பணம் வாங்குவதைச் சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தமும் நம் நாட்டு விதிகளும் தடை செய்கின்றன. ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு ஆர்.பி.எஸ்.எல். என்ற, மாலுமிகளை வேலைக்கு எடுப்பதற்கான அரசு உரிமம் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணையும், எந்த நிறுவனம் பயிற்சி இடம் தருகிறது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். இயக்குநரகத்தின் இணையதளத்தில் உரிம எண்ணைச் சரிபார்க்கலாம். எழுத்தில் தர மறுத்தால் பேச்சை அத்தோடு முடித்துவிடுங்கள். கண் பரிசோதனை முடிவையும் தம்பியின் மதிப்பெண்ணையும் எனக்கு அனுப்புங்கள். எந்தெந்த நிறுவனங்களின் ஸ்பான்சர்ஷிப் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அவனோடு உட்கார்ந்து பார்க்கிறேன்.