மாஞ்சோலைக்கு ஏஜென்ட் பாஸ் வாங்கலாமா?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வருகிற ஞாயிறு அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு சொந்தக் காரில் மாஞ்சோலை போக ஆசை. ஏஜென்ட் ஒருவர் 3,000 ரூபாய் கொடுத்தால் செக்போஸ்ட்டில் சொல்லி விடுவதாகச் சொல்கிறார். தேயிலை எஸ்டேட் தனியார் இடம், ரோடு பஸ் போய்வந்த ரோடு, தனியாக அனுமதி எதற்கு என்றும் கேட்கிறார். நம்பலாமா?"

நம்பாதீர்கள். பணத்தை ஏற்கெனவே கொடுத்திருந்தால் போகட்டும் என்று விட்டுவிடுங்கள், கொடுத்த காசு வீணாகிறதே என்று மட்டும் வண்டியை எடுக்காதீர்கள்.

முதலில் அந்தத் "தனியார் இடம்" பேச்சு. சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட மலை அது. ஜமீன் ஒழிப்போடு நிலம் அரசுக்கு வந்துவிட்டது. சரி, எஸ்டேட் யாருடையதாக இருந்தால் என்ன, மணிமுத்தாறிலிருந்து நீங்கள் ஏறும் பாதையே சரணாலயங்களைச் சேர்த்து 1988-ல் அமைத்த களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்தானே போகிறது? அதற்குள் நுழைய அனுமதி வேண்டும் என்கிறது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 27-வது பிரிவு.

அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது, ஏஜென்ட்கள் அரைகுறையாகப் பிடித்துக்கொள்வது இதைத்தான். பொதுச்சாலை வழியாகச் சரணாலயத்தைக் கடந்து போகிறவருக்கு அனுமதி வேண்டாம். கவனியுங்கள், கடந்து போகிறவருக்கு. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் இன்னொரு ஊருக்குப் போக வேண்டும். மாஞ்சோலைப் பாதையில் நீங்கள் காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எவ்வளவு தூரம் போனாலும் காட்டுக்குள்ளேயே போய் வந்த வழியே திரும்புகிறீர்கள். அதற்குப் பெயர் கடப்பது இல்லை, நுழைவது. நிஜமான பொதுச்சாலையிலும் வண்டி ஓடுகிற வரைக்கும்தான் இந்த விலக்கு. ஓரங்கட்டிவிட்டு ஓடையில் கால் நனைக்கவோ படம் எடுக்கவோ சரணாலயத்துக்குள் இறங்கினால் அந்த நிமிடமே விலக்கு போய்விடும். பஸ் போனது, பால் வண்டி போனது, மந்திரி கார் போனது என்பதெல்லாம் உங்கள் காருக்கு அனுமதி ஆகாது.

நான் வனக்குற்ற வழக்குகள் பார்க்கிற வக்கீல். என்னிடம் வந்த ஒரு பையனின் கையில் இருந்தது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பாஸ் படம். வேறு யாரோ, வேறு என்றைக்கோ போன சீட்டில் தேதியை மட்டும் மாற்றியிருந்தார்கள். வண்டி பிடிபட்டதும் ஏஜென்டின் போன் அணைந்துவிட்டது. 51-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. பெரும்பாலும் வழக்கை முடித்துக்கொள்ள வனத்துறைக்குக் கட்டும் சமரசக் கட்டணத்தோடு முடிகிறது என்பது உண்மைதான், ஆனால் குற்றத்துக்குப் பயன்பட்ட வண்டியைப் பறிமுதல் செய்யவும் 39-வது பிரிவு இடம் தருகிறது, மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நின்ற அந்தக் காரைப் பார்த்தபோது எனக்கே வயிறு எரிந்தது. உங்கள் பெயரும் வண்டி எண்ணும் போகும் தேதியும் இல்லாத சீட்டை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். "எஸ்டேட் பங்களாவில் தங்கலாம், அட்வான்ஸ் அனுப்புங்கள்" என்கிறவர்களும் இதே கூட்டம்தான்.

இந்தக் கூட்டம் ஏன் பிழைக்கிறது தெரியுமா? என்றைக்குத் திறப்பு, எத்தனை வண்டி, எவ்வளவு கட்டணம் என்று எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி நல்ல தமிழில் ஒரு பலகை எழுதி வைக்க யாருக்கும் மனம் வருவதில்லை. சாதாரணக் குடும்பம் லீவு போட்டு ஆபீஸ் படியேறிக் கேட்க வேண்டியிருக்கிறது. எத்தனை வருஷமாகச் சொல்கிறோம்!

ஆனாலும் நேர்வழி அதுதான். அம்பாசமுத்திரம் வனத்துறை அலுவலகத்தில் ஆதார், ஆர்.சி., லைசென்ஸ் நகல்களோடு நீங்களே போய்க் கேளுங்கள். கொடுத்த அனுமதியையும் மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள், அதனால் கிளம்பும் முன் ஒரு முறை விசாரியுங்கள்.

ஞாயிறுக்குள் கிடைக்காவிட்டால் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை என்று போய்வாருங்கள். அது தேசிய நெடுஞ்சாலை 744, மேலே சொன்ன விலக்குக்கு நிஜமாகவே பொருந்துகிற ரோடு. இரண்டு பக்கமும் காடு, கழுதுருட்டியில் ரோட்டை ஒட்டியே பதின்மூன்று கண் ரயில் பாலம், அம்மாவுக்கு ஆரியங்காவு ஐயப்பன் கோவில். போகும்போது அம்பாசமுத்திரம், கடையம் வழியாகத் தென்காசி போனால் மலையடிவாரமும் வயலும் கூடவே வரும், எனக்கு மாஞ்சோலையைவிட அந்த ரோடுதான் பிடிக்கும். சொந்தக் கார் என்பதால் கேரளா பெர்மிட் தொல்லை கிடையாது. ஆனால் வெள்ளை போர்டு காரை யாராவது வாடகைக்குத் தந்தால் ஏறாதீர்கள், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிடுவார்கள்.

புளியரை எஸ் வளைவில் லோடு லாரிகள் திணறி ஏறும். அவற்றுக்கு வழிவிட்டு, ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை விடாமல் மிதித்தால் சூடேறிப் பிடிக்காது. திரும்பும்போது இருட்டுவதற்குள் அந்த இறக்கத்தைத் தாண்டிவிடுங்கள்.