முட்டிவலி அம்மாவுடன் காலா கோடா கலைவிழா: மாதுங்காவிலிருந்து வழி

மும்பை மாதுங்காவிலிருந்து முட்டிவலி உள்ள அம்மாவை ஞாயிறன்று லோக்கல் ரயிலில் காலா கோடா விழாவுக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. ஞாயிறு கூட்டத்தில் நிற்கவே இடமிருக்காது. சென்ட்ரல் லைனில் பராமரிப்பு வேலைக்காக ரயில்களைக் குறைக்கும் மெகா பிளாக் வேறு வரலாம். வார நாளில், ஆபீஸ் நெரிசல் அடங்கியபின் பதினொன்றரைக்குக் கிளம்புங்கள். மாதுங்காவில் ஆட்டோ ஓடாது. டாக்சியில் தாதர் மெட்ரோ ஸ்டேஷன் போய், அக்வா லைன் மெட்ரோவில் ஏறி ஹுதாத்மா சௌக் ஸ்டேஷனில் இறங்குங்கள். இரண்டு இடத்திலும் லிப்ட் உண்டு, லோக்கல் ஸ்டேஷன் பாலத்தில் படி ஏறும் சிரமம் மிச்சம். அங்கிருந்து நடை அரை கிலோமீட்டர்தான். விழாத் தெருவில் வண்டி விடமாட்டார்கள். உட்காரவும் இடம் அரிது. முதலில் ஜஹாங்கீர் ஓவியக் கேலரி பாருங்கள். கால் வலித்தால் பக்கத்து மியூசியத்துக்கு டிக்கெட் எடுத்துவிடுங்கள்: நிழல், கழிப்பறை இரண்டும் கிடைக்கும். விழாவுக்கு நுழைவு இலவசம்; பட்டறைகளுக்கு மட்டும் முன்பதிவு பார்த்துக்கொள்ளுங்கள்.