தெற்கு சூடான் குழந்தைகளின் படிப்புக்கு உதவ மாதம் 12,000 ரூபாய்: எப்படிச் செலவிடலாம்?

கேள்வி: என் தம்பி தெற்கு சூடான் தலைநகர் ஜூபாவில் வேலை பார்க்கிறான். போரில் பாதிக்கப்பட்ட குழந்தைகள் பள்ளிக்குப் போகாமல் இருப்பதை அடிக்கடி சொல்வான். நாங்கள் ஆறு நண்பர்கள் ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய் போடத் தயார். ஒரு வகுப்பறை கட்டித் தரலாமா? அங்குள்ள ஓர் அநாதை இல்லத்துக்குக் கொடுக்கலாமா? பணத்தை எப்படி அனுப்புவது?

பதில்: வகுப்பறை யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். உங்கள் தொகையில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகைதான் எழும்பும். 2024 மார்ச்சிலும் 2025 பிப்ரவரியிலும் வெயில் தாங்காமல் அந்த நாட்டில் பள்ளிகளையே மூடினார்கள். அந்த வெயிலில் தகரத்துக்குக் கீழே பிள்ளைகள் எப்படி உட்காருவார்கள்? ஆசிரியருக்கு மாதக்கணக்கில் சம்பளம் வராத ஊரில், கட்டடம் மட்டும் இருந்து பாடம் நடக்கப்போவதும் இல்லை.

அநாதை இல்லம் என்றால் இன்னும் கவனம் தேவை. உலகம் முழுவதும் இப்படிப்பட்ட இல்லங்களில் வளரும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார். வறுமையால்தான் கொண்டுவந்து விடுகிறார்கள். இல்லத்துக்குப் பணம் சேரச் சேர, பிள்ளையை அங்கே விட்டால்தான் படிப்பு கிடைக்கும் என்ற எண்ணம் குடும்பங்களில் வளரும். சித்தியோ பாட்டியோ வைத்து வளர்க்கும் பிள்ளையை அந்த வீட்டில் இருந்தபடியே படிக்க வைப்பதுதான் நல்லது.

பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு வருவதில்லை என்று பார்த்தால் வழி தானாகத் தெரியும். 2011இல் சுதந்திரம் கிடைத்து, 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர் வெடித்தது. 2018இல் அமைதி ஒப்பந்தம் ஆன பிறகும் மோதல்கள் நிற்கவில்லை. 2019 முதல் ஜோங்லே, யூனிட்டி மாநிலங்களைப் பெருவெள்ளம் வேறு மூழ்கடித்தது. இருபது லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே இருக்கிறார்கள். 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி தொடக்கக் கல்வி இலவசம்தான். ஆனால் ஆசிரியருக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று பல பள்ளிகள் பெற்றோரிடம் வசூலிக்கின்றன. நோட்டு, சீருடை, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேரும்போது வீட்டில் முதலில் படிப்பு நிற்பது பெண் பிள்ளைக்குத்தான். மணப்பெண்ணுக்கு ஈடாக மாடுகள் வரும் சமூகங்கள் பல அங்கே உண்டு. பஞ்ச காலத்தில் பதினைந்து வயதுப் பெண்ணின் கல்யாணம் குடும்பத்தின் கடைசிக் கையிருப்பாகிவிடுகிறது.

இதைக் கணக்கில் எடுத்துத்தான் பிரிட்டன் அரசின் உதவியோடு 2013இல் பெண் கல்வித் திட்டம் ஒன்று அங்கே தொடங்கியது. ஐந்தாம் வகுப்பிலிருந்து மேலே, ஒழுங்காகப் பள்ளிக்கு வரும் மாணவிக்கு நேரடியாகப் பணம் கொடுத்தார்கள். பள்ளிக்கும் தனியாக மானியம் கொடுத்தார்கள். வருகைப் பதிவைத் தலைமையாசிரியர்கள் குறுஞ்செய்தியில் அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். உங்கள் பணத்துக்கும் இதே பாதையைத்தான் சொல்வேன்.

ஒரே ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் பள்ளியாக. வருடத்துக்கு 1,44,000 ரூபாய் வரும். அதில் பாதிக்கு மேல் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு மாணவிகளுக்குப் போகட்டும்: சீருடை, நோட்டு, மாதவிடாய்த் துணிகள், எட்டாம் வகுப்புத் தேர்வுக் கட்டணம். மீதியைப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியாக ஆசிரியர்களுக்கு ஊக்கத்தொகையாகக் கொடுங்கள். ஒரு ஆசிரியருக்கு மட்டும் கொடுத்தால் மற்றவர்கள் மனம் சுருங்கும். சிறிய தொகையானாலும் எல்லோருக்கும் கொடுங்கள். மூன்று வருடமாவது தொடர முடியும் என்றால் மட்டும் இறங்குங்கள். பாதியில் நிறுத்தினால் ஏழாம் வகுப்புப் பெண் நடுவில் மாட்டிக்கொள்வாள்.

வயது கடந்த பிள்ளைகளுக்கு அங்கே துரிதக் கல்வி வகுப்புகள் இருக்கின்றன. எட்டு வருடத் தொடக்கக் கல்வியை நான்கு வருடத்தில் முடிக்கலாம். ஆயுதக் குழுக்களிலிருந்து மீண்ட சிறுவர்கள் பலருக்கு இதுதான் பொருந்தும். அவர்களுக்கு மட்டும் தனியாக உதவி வேண்டாம். துப்பாக்கி பிடித்தவனுக்குத்தான் சலுகை என்று ஊர் பேசினால் அவன் ஒதுக்கப்படுவான். ஆயுதக் குழுக்களில் சிக்கிய குழந்தைகளைப் பற்றிய சர்வதேச வழிகாட்டுதலான 2007இன் பாரிஸ் கோட்பாடுகளும் மற்றப் பிள்ளைகளையும் சேர்த்தே உதவச் சொல்கின்றன. குழந்தைகளின் பெயர், படம், பழைய கதை எதையும் கேட்காதீர்கள். வாட்ஸ்அப்பில் பகிரவும் வேண்டாம். வருகைப் பதிவும் கையெழுத்திட்ட செலவுக் கணக்கும் போதும்.

சரி, பணம் அனுப்பும் முறை. இந்தியாவில் வசிப்பவர் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில், நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். நன்கொடைக்கும் இதில் அனுமதி உண்டு. 'இது என் சொந்தப் பணம்' என்று படிவத்தில் உறுதி கூற வேண்டியிருப்பதால், ஆறு பேர் பணத்தை ஒருவர் கணக்கில் சேர்த்து அனுப்பாதீர்கள். அவரவர் கணக்கிலிருந்து, வருடத்துக்கு ஒரு முறை, அங்கே பதிவு பெற்ற ஒரு தொண்டு நிறுவனத்துக்கோ மறைமாவட்டத்துக்கோ அனுப்புங்கள். வெளிநாட்டு அமைப்புக்கு நேரடியாகக் கொடுப்பதற்கு, நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடையாது. தம்பியின் சொந்தக் கணக்கு வேண்டவே வேண்டாம். கணக்குக் கேட்க வேண்டிய இடத்தில் அவர் இருக்கட்டும், பணத்தை வைத்திருக்கும் இடத்தில் வேண்டாம்.

அங்கே உள்ளூர் நாணயமான தெற்கு சூடான் பவுண்டின் மதிப்பு வேகமாகச் சரிகிறது. பட்ஜெட்டை டாலரில் போட்டு, செலவாகும் நாளில் மாற்றச் சொல்லுங்கள். பள்ளி ஆண்டு பொதுவாகப் பிப்ரவரி வாக்கில் தொடங்கும். மே மாதத்துக்கு அப்புறம் மழையில் பல சாலைகளில் லாரி போகாது. அதனால் பணம் டிசம்பருக்குள் போய்ச் சேர்ந்து, ஜனவரியிலேயே நோட்டும் துணியும் பள்ளிக்கு வந்துவிட வேண்டும். தம்பியிடம் இப்போதே இரண்டு, மூன்று பள்ளிகளின் போன வருட வருகைப் பதிவை வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்பில் எத்தனை பெண்கள், எட்டில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுங்கள்.