எதிர்காற்றில் தீர்ந்துபோன ஓட்டம்

வணக்கம் சார்,

சைக்கிள், நீண்ட தூர ஓட்டம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். எனக்கு 36 வயது. ஒன்றரை வருடப் பயிற்சிக்குப் பிறகு சென்ற மாதம் முதல்முறையாக ஒலிம்பிக் தூர டிரையத்லானில் கலந்துகொண்டேன். நீச்சல் 1.5 கி.மீ., சைக்கிள் 40 கி.மீ., ஓட்டம் 10 கி.மீ. அன்று வெயில் 36 டிகிரி. காற்றும் பலம். நீச்சலில் அலை அடித்து இரண்டு மடக்கு தண்ணீர் குடித்தேன், ஆனாலும் சமாளித்துவிட்டேன். சைக்கிளில் போகும்போது எதிர்காற்று. பயிற்சியில் வைத்திருந்த 30 கி.மீ. வேகத்தை விடக்கூடாது என்று அழுத்தினேன். அப்படியும் விட்டதைத் திரும்பும்போது பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு பாலத்தில் பக்கக்காற்று தள்ளியது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பயந்துபோய்க் கடந்தேன். ஓட்டத்தில் நாலாவது கிலோமீட்டரிலேயே கால் தள்ளாடியது. அந்த வெயிலில் எனக்குக் குளிரெடுத்து உடம்பு சிலிர்த்தது. ஆறாவது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிட்டேன். தன்னார்வலர்கள் கூடாரத்துக்குக் கூட்டிப்போனார்கள்.

"உடம்பு தயார், மனசுதான் தயாராகவில்லை" என்கிறார்கள் நண்பர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இன்னும் ஆறு வாரத்தில் அடுத்த போட்டி. அங்கேயும் இதே வெயில், இதே காற்று. மன உறுதியை வளர்த்துக்கொள்வது எப்படி? தண்ணீர் போதாமல் போனதா? இன்னும் நிறையக் குடித்திருக்க வேண்டுமா?

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மன உறுதி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் என் கண் போய் நின்ற இடம் வேறு: "30 கி.மீ. வேகத்தை விடக்கூடாது என்று அழுத்தினேன்." ஓட்டத்தில் ஆறாவது கிலோமீட்டரில் உட்கார்ந்ததாக எழுதுகிறீர்கள். அந்த ஓட்டம் சைக்கிளின் முதல் 20 கிலோமீட்டரிலேயே தீர்ந்துபோய்விட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். காற்றே இல்லாத நாளில் 30 கி.மீ. வேகத்தில் போனால் உங்கள் உடம்பில் மோதும் காற்றின் வேகமும் 30தான். எதிரிலிருந்து 15 கி.மீ. வேகக் காற்று வந்தால் மோதுவது 45. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். அதாவது ஒன்றரை மடங்கு வேகக் காற்று, இரண்டே கால் மடங்கு எதிர்ப்பு. சமதரையில் அந்த வேகத்தில் சைக்கிள்காரரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போகிறது. ஆக, கைக்கடிகாரத்தில் அதே 30ஐப் பார்ப்பதற்காக நீங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு உழைக்க வேண்டும். அவ்வளவு முழுதாக உங்களால் முடிந்திருக்காது. முடிந்தவரை அழுத்தியிருப்பீர்கள், அதுவே போதும்.

இனி வெயில். நாம் எரிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்குகூட முழுதாகப் பெடலுக்குப் போவதில்லை. மீதியெல்லாம் உடம்புக்குள்ளேயே சூடாக நிற்கிறது. உழைப்பு ஒன்றரை மடங்கானால் உள்ளே பிறக்கும் சூடும் ஒன்றரை மடங்கு. இதில் எதிர்காற்று செய்யும் ஏமாற்று வேலை ஒன்று உண்டு. அது வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுகிறது. சட்டை நனைவதில்லை, முகத்தில் காற்று அடிக்கிறது, "பரவாயில்லை, வெயில் அவ்வளவு உறைக்கவில்லையே" என்று தோன்றும். உள்ளே தண்ணீர் இறங்கிக்கொண்டிருப்பது தெரியாது.

திரும்பும்போது பின்காற்று. வேகம் கூடும், மனசுக்கு உற்சாகமாக இருக்கும். ஆனால் 35 கி.மீ. வேகத்தில் போகும் உங்கள் மேல் படுவது 20 கி.மீ. காற்றுதான். அப்புறம் இறங்கி 10 கி.மீ. வேகத்தில் ஓடுகிறீர்கள், முதுகுக்குப் பின்னாலிருந்து 10 கி.மீ. வேகத்தில் காற்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களைச் சுற்றிக் காற்றே இல்லை. மரக்கிளை ஆடுகிறது, கொடி பறக்கிறது, நீங்கள் மட்டும் மூடிய அறைக்குள் ஓடுகிறீர்கள். ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேலேயே ஆவியாகிப் போனால் சுமார் 580 கிலோகலோரி சூட்டைக் கொண்டுபோகும். தரையில் சொட்டும் வியர்வை எதையும் கொண்டுபோவதில்லை. வெயிலும் காற்றும் சேர்ந்த நாளில் பின்காற்று ஓட்டத்தைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். எதிர்காற்றில் ஓடும்போது கால் கனக்கும், ஆனால் உடம்பு பிழைத்துக்கொள்ளும்.

விட்டதைத் திரும்பும்போது பிடிக்கலாம் என்பதும் தப்புக்கணக்கு. காற்றில்லாமல் 40 கி.மீ.க்கு உங்களுக்கு 80 நிமிடம். போகும்போது 24, வரும்போது 36 என்றால் இழந்ததும் பெற்றதும் அதே 6 கி.மீ.தான். ஆனால் நேரம் 83 நிமிடம் 20 வினாடி. காரணம் எளிது: எதிர்காற்றுக்குள் 50 நிமிடம் இருந்தீர்கள், பின்காற்றில் 33 நிமிடம்தான். அந்த மூன்று நிமிடத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிடுங்கள். யாருக்கும் அது திரும்பக் கிடைப்பதில்லை. அடுத்த போட்டியில் எதிர்காற்றுப் பக்கம் திரும்பியதும் கடிகாரத்தில் வேகம் தெரியாதபடி மாற்றிக்கொள்ளுங்கள். பவர் மீட்டர் (பெடலில் நீங்கள் செலுத்தும் சக்தியை அளக்கும் கருவி) இருந்தால் வாட்ஸ், இல்லாவிட்டால் இதயத் துடிப்பு, அதுவும் இல்லாவிட்டால் மூச்சு: நாலைந்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வருகிறதா என்று பாருங்கள். கியரை இறக்கி, தலையைத் தாழ்த்தி, 24 என்றால் 24 என்று போங்கள். காற்றுக்குத் தப்ப முன்னால் போகிறவர் பின்னால் ஒதுங்கலாம் என்று நினைக்க வேண்டாம். அயர்ன்மேன் என்னும் நீண்ட தூர டிரையத்லான் போட்டிகளில் வயதுப் பிரிவினர் 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது விதி. உங்கள் போட்டியின் இடைவெளி எவ்வளவு என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. பல வருடம் முன்பு இதே மாதிரி ஒரு நாளில் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றப் போனேன். தாடைக்குக் கீழே பக்கிள். இரண்டு பக்கமும் அழுத்தினால் திறந்துகொள்ளும். ஆயிரம் முறை திறந்தது. விரல் அதன் மேல் இருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. தோள்பட்டை நெடுகச் சட்டையில் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. பக்கத்தில் நின்ற தன்னார்வலர் ஒரு பெண், கல்லூரி வயதுதான் இருக்கும், என் எண்ணைக் கேட்டாள். மார்பில் குத்தியிருந்த எண்ணைக் குனிந்து பார்த்தும் வேறு எண்ணைச் சொன்னேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. என் கையைப் பிடித்து நிழலுக்குக் கூட்டிப்போய், பக்கிளைத் தானே திறந்து, தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றினாள். அந்தப் பெண் அன்று என்னை ஓட விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

இப்போது உங்கள் நண்பர்கள் சொன்னதற்கு வருகிறேன். பவுலா நியூபி-ஃப்ரேசர் என்று ஒரு வீராங்கனை. ஹவாயில் நடக்கும் அயர்ன்மேன் உலகப் போட்டியில், அதாவது 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், அதன் பிறகு முழு மாரத்தான், 1994க்குள் ஏழு முறை ஜெயித்தவர். 1995இல் எட்டாவது முறையாக ஜெயிக்கப் போகிறார். பெரிய முன்னிலை. பின்னாலிருந்து கரென் ஸ்மையர்ஸ் நெருங்கி வர, கடைசிக் கட்டத்தில் தண்ணீர் மேசைகளில் நிற்காமல் ஓடினார். எல்லைக்கோட்டுக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது தள்ளாடித் தரையில் விழுந்தார். ஸ்மையர்ஸ் தாண்டிப்போய் ஜெயித்தார். நெடுநேரம் கழித்து எழுந்து, வெறுங்காலோடு நடந்து, நாலாவதாக முடித்தார் பவுலா. ஏழு முறை ஜெயித்தவருக்கு மன உறுதி இல்லை என்று உங்கள் நண்பர்கள் சொல்வார்களா? 2016 செப்டம்பரில் மெக்சிகோவின் கோசுமெலில் நடந்த டிரையத்லானில் ஜோனி பிரவுன்லி முன்னணியில் ஓடிவந்து கடைசியில் தள்ளாடினார். அண்ணன் அலிஸ்டர் தாங்கிப் பிடித்துக் கோட்டைத் தாண்டவைத்தார். ஒரு மாதம் முன்புதான் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியவர் ஜோனி. சூடு மனசைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

இந்த விளையாட்டில் ஒரு படம் நம் எல்லோர் மனசிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1982 பிப்ரவரியில் அதே ஹவாயில் ஜூலி மாஸ் எல்லைக்கோட்டை நோக்கித் தவழ்ந்து போனது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் உலகத்தில் எத்தனையோ பேர் இந்தப் பக்கம் வந்தார்கள். எனக்கும் அவர் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் தவழ்வதுதான் வீரம், உட்காருவது கோழைத்தனம் என்று அந்தப் படத்திலிருந்து நாம் எடுத்துக்கொண்டது தவறு. வெயிலில் குளிரெடுப்பது, மயிர் சிலிர்ப்பது, கால் பின்னுவது, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது, இவையெல்லாம் உடம்பு கடைசியாகத் தட்டும் கதவு. உள்சூடு 40 டிகிரியைத் தாண்டி மூளை தடுமாற ஆரம்பித்தால் அது வெப்பவாதம். உயிரே போகலாம். வியர்வை நின்றால்தான் வெப்பவாதம் என்று ஒரு பேச்சு இருக்கிறது, அதை நம்பாதீர்கள். உழைப்பால் வரும் வெப்பவாதத்தில் ஆள் வியர்த்து நனைந்தே கிடப்பார். அப்படி யாரையாவது பார்த்தால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திருக்காமல் ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்தளவு இறக்க வேண்டும். முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது. நீங்கள் ஆறாவது கிலோமீட்டரில் உட்கார்ந்தது அன்று முழுக்க நீங்கள் எடுத்த முடிவுகளிலேயே சிறந்தது.

தண்ணீர் பற்றி. நிறையக் குடிப்பதும் ஆபத்துதான். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் அளவுக்குக் கீழே போயிருந்தது. ஓட்டத்தில் எடை கூடியவர்களிடம்தான் அது அதிகம். ஓடி முடித்தவர்களுக்கு எடை எப்படிக் கூடும்? வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்தால் கூடும். அதனால் அடுத்தவர் அளவை வாங்கிக்கொள்ளாதீர்கள். போட்டி நடக்கும் நேரத்து வெயிலில், போட்டி வேகத்தில், ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டுங்கள். முன்னும் பின்னும் துணியில்லாமல் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. நடுவில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். அந்த அளவுக்கு மேல் ஒருநாளும் குடிக்க வேண்டாம். அதைவிடச் சற்றுக் குறைவாகவே, உப்புச் சேர்ந்த பானமாக, சைக்கிளிலேயே குடித்து முடியுங்கள். ஓட்டத்தில் வயிறு அவ்வளவாக ஏற்காது. ஓட்டத்தில் கிடைக்கும் தண்ணீரில் பாதியைத் தலையிலும் கழுத்திலும் கையிலும் ஊற்றுங்கள். தொப்பிக்குள் ஐஸ் போட முடிந்தால் போடுங்கள்.

பக்கக்காற்றில் நீங்கள் செய்தது எல்லோரும் செய்வது. இறுக்கிப் பிடித்தால் உங்கள் தோளின் ஒவ்வொரு நடுக்கமும் முன்சக்கரத்துக்குப் போகும். ஏரோ பாரிலிருந்து (குனிந்து முழங்கையை ஊன்றிக்கொள்ளும் முன்கைப்பிடி) கையை எடுத்து, அகலமாகப் பிடித்து, முழங்கையைத் தளர்த்துங்கள். பெடல் சுற்றுவதை நிறுத்தாதீர்கள். பார்வை சக்கரத்தடியில் வேண்டாம், முப்பது நாற்பது மீட்டர் தள்ளி இருக்கட்டும். காற்று விட்டு விட்டு அடிக்கும் நாளில் ஆபத்து காற்று வரும் நொடியில் மட்டுமில்லை, சட்டென்று நிற்கும் நொடியிலும் இருக்கிறது. சுவர், கட்டடம், பெரிய வண்டி, இவற்றைத் தாண்டும் இடங்களை முந்தின நாளே பார்த்து வையுங்கள். முன்பக்கம் உயரமான ரிம் உள்ள சக்கரம் வேண்டாம். ஹவாயில் கோனாவிலிருந்து ஹாவிக்குப் போகும் எரிமலைப் பாறைச் சாலையில் அடிக்கும் பக்கக்காற்றுக்கு அந்த மண்ணின் மக்கள் முமுகு என்று பேரே வைத்திருக்கிறார்கள். அங்கே நடக்கும் அயர்ன்மேன் உலகப் போட்டியில் முழுத்தட்டுச் சக்கரத்துக்குத் தடை இருக்கிறது.

நீச்சலுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அலை வரும் பக்கம் வாயைத் திறக்காமல் மறுபக்கம் மூச்சு வாங்கப் பழகுங்கள், இரண்டு பக்கமும் பழகினால்தான் அது முடியும்.

ஆறு வாரம் போதும். உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். தினமும் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம், மெதுவான வேகத்தில், வெயிலில். ரத்தத்தில் நீரளவு கூடும், வியர்வை சீக்கிரம் ஆரம்பிக்கும், வியர்வையில் உப்பு குறையும். பழகியது சில வாரத்தில் கரைந்தும் போகும். அதனால் இப்போதே ஆரம்பிக்க வேண்டாம், நாலாவது ஐந்தாவது வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எடை பார்க்கும் அந்த ஒரு மணி நேரத்தை அது முடிந்த பிறகு செய்யுங்கள்.

ஒரு விஷயம் உங்கள் கடிதத்தில் இல்லை. கூடாரத்திலிருந்து வீட்டுக்குப் போன பிறகு டாக்டரைப் பார்த்தீர்களா? உள்சூடு அளந்தார்களா, ரத்தம் சோதித்தார்களா, சிறுநீர் நிறம் எப்படி இருந்தது, எதையும் நீங்கள் எழுதவில்லை. சூட்டில் ஒருமுறை விழுந்த உடம்பு மறுபடி வெயிலுக்குப் போகலாமா என்பதை நானோ உங்கள் நண்பர்களோ சொல்ல முடியாது. இந்த வாரமே போய்ப் பாருங்கள். அவர் சரி என்று சொன்னதும் எனக்கு எழுதுங்கள், அந்த இரண்டு வாரத்துக்கான பயிற்சியை நாள்வாரியாக உட்கார்ந்து போடலாம்.