நியூட்ரினோவின் நிறை – கடிதமும் பதிலும்

வணக்கம். வெளியெங்கும் நிறைந்துள்ள ஹிக்ஸ் புலத்தோடு கொண்ட பிணைப்பினால்தான் அடிப்படைத் துகள்கள் நிறை பெறுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். மின்னேற்றமற்ற, மிக லேசான துகளான நியூட்ரினோவுக்கு மட்டும் ‘சீசா’ (ஏற்றப்பலகை) என்ற தனி விளக்கம் எதற்கு? எலெக்ட்ரானுக்குப் பொருந்துவது இதற்குப் பொருந்தாதா?

– ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

பொருத்திக்காட்ட முடியும். ஹிக்ஸ் வழியாக நிறை பெற ஒரு துகளுக்கு இடக்கை, வலக்கை என, தற்சுழற்சியின் திசையால் வேறுபடும் இரு வடிவங்களும் வேண்டும். அடிப்படைத் துகள்களை விளக்கும் கோட்பாடான ஸ்டாண்டர்டு மாடலில் நியூட்ரினோவுக்கு இடக்கை வடிவம் மட்டுமே உண்டு என்பதால் அதன் நிறை சுழியம் என்று கொள்ளப்பட்டது. நியூட்ரினோக்கள் வழியிலேயே வகை மாறுகின்றன (நிறை இருந்தால்தான் இது நடக்கும்) என்று 1998இல் ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே ஆய்வகம் காட்டிய பிறகு அது செல்லாமற்போயிற்று. இதுவரை எவரும் காணாத வலக்கை நியூட்ரினோவைச் சேர்த்துக்கொண்டால் நீங்கள் சொல்லும் வழி திறக்கும். ஆனால் நிறை 0.05 எலெக்ட்ரான் வோல்ட் (துகள்களின் நிறையையும் ஆற்றலையும் அளக்கும் அலகு) என்று கொண்டால், 5,11,000 உள்ள எலெக்ட்ரானைவிட அதன் பிணைப்பு ஒரு கோடி மடங்கு வலுவற்றதாக இருக்க வேண்டும். இவ்வளவு சிறிய எண் இயல்பானதன்று என்பது வழக்கமான வாதம். எனக்கு அதில் பெரிய பலம் தெரியவில்லை. அடிப்படைத் துகள்களில் மிகக் கனமான டாப் குவார்க் எலெக்ட்ரானைவிட மூன்று லட்சம் மடங்குக்கு மேல் கனமாக இருப்பதற்கும்தான் காரணம் தெரியாது.

உண்மையான சிக்கல் வலக்கை நியூட்ரினோவுக்கு மின்னேற்றம் போன்ற எந்த ஏற்றமும் இல்லை என்பதில் இருக்கிறது. ஆகவே அது தனக்குத்தானே எதிர்த்துகளாகி, ஹிக்ஸின் உதவியின்றியே ஒரு நிறையைக் கொள்ளத் தடையேதும் இல்லை. இத்தகைய துகளை 1937இல் இத்தாலிய இயற்பியலாளர் எத்தோரே மயோரானா முன்வைத்தார். அதைத் தடுக்க வேண்டுமானால், லெப்டான் எண் (எலெக்ட்ரான், நியூட்ரினோ போன்ற துகள்களின் எண்ணிக்கையில் அவற்றின் எதிர்த்துகள்களைக் கழித்தது) மாறாது என்ற விதியை நாமாகவே எழுதிச் சேர்க்க வேண்டும். தடுக்காமல் விட்டு, அந்த நிறை மிகப் பெரியது என்றும் கொண்டால், நாம் காணும் நியூட்ரினோவின் நிறை, ஹிக்ஸ் தரும் நிறையின் வர்க்கத்தை அந்தப் பெருநிறையால் வகுத்துக் கிடைப்பதாகிறது. ஒரு முனை தாழ மறுமுனை எழும் ஏற்றப்பலகையின் பெயர் இதற்கு வந்தது அதனால்தான். 1977இல் இயற்பியலாளர் பீட்டர் மின்கோவ்ஸ்கியும், அடுத்த சில ஆண்டுகளில் யனாகிடா, மொஹபாத்ரா, சென்யானோவிச் உள்ளிட்டோரும் இதை எழுதினார்கள்.

ஹிக்ஸ் தரும் பங்கை டாப் குவார்க்கின் அளவுக்கு வைத்தால், பெருநிறை ஏறத்தாழ 6 கோடி கோடி கிகா (நூறு கோடி) எலெக்ட்ரான் வோல்ட் ஆகும். செர்ன் மோதுகலன் எட்டும் ஆற்றலைப்போல் நாலாயிரம் கோடி மடங்குக்கும் மேல். நேரடியாகச் சோதிக்க வழியில்லை. நியூட்ரினோ வெளிப்படாத இரட்டை பீட்டாச் சிதைவு (அணுக்கருவின் இரு நியூட்ரான்கள் ஒருசேரப் புரோட்டான்களாகி இரு எலெக்ட்ரான்களை மட்டும் வெளிவிடுவது) ஒருநாள் காணப்பட்டால், நியூட்ரினோ மயோரானா வகை என்பது உறுதியாகும். செனான்-136இல் அதன் அரை ஆயுள் 10²⁶ ஆண்டுகளுக்கும் மேல் என்பதே காம்லாண்ட்-சென் சோதனை இதுவரை வகுத்துள்ள எல்லை. காணப்பட்டாலும் சீசாதான் காரணம் என்று அது சொல்லிவிடாது. புதிய ஹிக்ஸ் வகைத் துகள்களைச் சேர்த்து, குவாண்டம் திருத்தங்களின் வழியே சிறு நிறையைப் பெறும் அந்தனி ஸீயின் 1980ஆம் ஆண்டு மாதிரியிலும் நியூட்ரினோ மயோரானா வகைதான்.